சிஸ்டர் பதில்கள்: விசிறி, நோட்டு, பத்து மணி மாத்திரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றித்தான். அதனால் சளி, சுகர், தடுப்பூசிக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் சிஸ்டர். பேலியேட்டிவ் கேரில், அதாவது கடும் நோயில் வலியையும் தவிப்பையும் தணிக்கும் பராமரிப்பில், ஆய்வு செய்ய ஆசை. ‘மருந்து எழுதுவது டாக்டர். நோயும் குணமாகப் போவதில்லை. இதில் நர்ஸ் எதை ஆராய்வது?’ என்று என் கைடு கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
— மாணவி, மதுரை

பதில் சொல்ல வேண்டாம் தங்கச்சி. ஒரு படுக்கைப் புண்ணைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

1996-ல் நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கு ‘பேக் கேர்’ நடக்கும். முதுகில் ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட்டு, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை அழுத்தித் தடவ வேண்டும். இடுப்புக்கு அடியில் காற்று வளையம். குதிகாலுக்குக் கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு வைப்போம். அப்படியும் புண் வந்தது. வந்தால், நாங்கள் சரியாகத் தேய்க்கவில்லை என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் திட்டு விழும். மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்ப்போம்.

ஸ்பிரிட் தோலை வறட்டும், அழுத்தித் தேய்த்தால் உள்தசை நசுங்கும், வளையம் தன் விளிம்பில் ரத்த ஓட்டத்தை நெரிக்கும் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அந்தப் பாதையில் முதல் பெரிய அடியை எடுத்து வைத்த ஆய்வு நான் பிறப்பதற்கு முன்பே, 1962-ல், லண்டனில் வந்துவிட்டது. செய்தவர் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ். முதியோர் வார்டில் உட்கார்ந்து பார்த்தார். யாருக்குப் புண் வருகிறது என்று கணிக்க ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டார்: உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கை கால் அசைவு, மலஜலக் கட்டுப்பாடு. மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் ஜாக்கிரதை. பூசுகிற களிம்பை விட, மணிக்கணக்கு வைத்துத் திருப்பிப் படுக்கவைப்பதுதான் புண்ணைத் தடுக்கிறது என்று காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பு என்று நீங்கள் பரீட்சையில் எழுதுகிறீர்களே, அது இந்த வழியில் வந்ததுதான்.

கதை அங்கே முடியவில்லை. 2013-ல் நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இன்னொரு நர்ஸின் குழு அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை எடுத்துக்கொண்டு, இரண்டு, மூன்று, நான்கு மணி என்று பிரித்துத் திருப்பிப் பார்த்தது. புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான ஃபோம் மெத்தையில். நம் வீட்டில் எது? இலவம்பஞ்சு மெத்தை, கயிற்றுக் கட்டில், கோரைப்பாய். ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து திருப்பும் மகளுக்கு, நான்கு மணி போதும் என்று தைரியமாகச் சொல்லலாமா, கூடாதா? இந்தாருங்கள், ஒரு தலைப்பு. கைடிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பீடி சுற்றிப் பிழைத்த ஓர் அம்மா. வாய்ப் புற்று, கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தெருமுனையிலேயே நாற்றம் தெரியும். எங்கள் டாக்டர் சொன்னபடி புண்ணைக் கழுவி, மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடித்துத் தூவ ஆரம்பித்தோம். பேலியேட்டிவ் குழுக்களில் இது வழக்கமாகச் செய்வதுதான். நாற்றத்தைக் கிளப்பும் கிருமிகளை அது அடக்கும். சரி, நாற்றம் குறைந்ததா என்று எதை வைத்து அளப்பது? என் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போய்விட்டது. அதனால் மருமகளின் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். முதல் நாள்: ‘வாசப்படி’. அந்த வாரக் கடைசியில்: ‘கட்டிலுக்கு நாலடி’. அடுத்த வாரம் நாற்காலியே இல்லை. பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் புண் நாறுகிற எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பேன். இதைக் கட்டுரையாக எழுதலாமா என்று கேட்டபோது, ‘நர்ஸுக்கு எதற்கம்மா ஆராய்ச்சி, சார்ட்டை ஒழுங்காக எழுதினால் போதாதா’ என்றார் ஒரு பெரியவர். சார்ட்டில் நாற்காலிக்குக் கட்டம் கிடையாது ஐயா என்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். முப்பது கேள்வித் தாளைக் கொடுத்து, ஒரு மணி நேரம் பாடம் நடத்தி, மறுபடி அதே தாளைக் கொடுத்து ‘அறிவு கூடியது’ என்று எழுதும் ஆய்வைச் செய்யாதீர்கள். நம் கல்லூரி நூலகங்களில் அதற்கு அலமாரி போதாமல் கிடக்கிறது. அப்புறம், இந்தத் துறையில், மறுபடி தாள் கொடுக்கும் ‘போஸ்ட் டெஸ்ட்’ அன்று நோயாளி உயிரோடு இல்லாமல் போகலாம். முதல் மாதம் அழுகை வரும், அட்டவணையும் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஆகவே அன்றைக்கே கேட்டு அன்றைக்கே முடிகிற மாதிரி இரண்டு மூன்று கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். சம்மதத்தை மகனிடம் வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பேசத் தெம்பிருந்தால் நோயாளியிடமே கேட்க வேண்டும். எதிக்ஸ் கமிட்டியும் அதைத்தான் முதலில் கேட்கும்.

பேலியேட்டிவ் என்றாலே டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?
— வாசகர், தூத்துக்குடி

இல்லை. 2010-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்று வந்த 151 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் டாக்டரும் நர்ஸும். இரண்டாவது கூட்டத்துக்கு மனச்சோர்வு குறைவு. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். புற்றுக்கு மட்டும் இல்லை, டயாலிசிஸில் இருப்பவர், இதயம் பலவீனமானவர், பக்கவாதம் வந்தவர் எல்லோருக்கும் இது உண்டு. ஆரம்பத்திலேயே கூப்பிடுங்கள்.

அப்பாவுக்கு புரோஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிவிட்டது. மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறார்கள். பழக்கமாகிவிடும் என்று பயந்து, அப்பா கத்தினால் மட்டும் அம்மா கொடுக்கிறார். எது சரி?
— மகன், சங்கரன்கோவில்

சீட்டில் இருப்பதுதான் சரி. அம்மாவைக் கோபிக்க வேண்டாம், அந்தப் பயம் எங்கள் நர்ஸுகளுக்கே உண்டு.

மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். அது தீருமுன் அடுத்தது உள்ளே போய்விட்டால் வலி தலைதூக்காது. கத்தும்வரை காத்திருந்தால், அதற்கப்புறம் போடும் மாத்திரை வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். அதுவரை அப்பா துடிப்பார். அதைவிட மோசம், கத்தினால்தான் மாத்திரை வரும் என்று அவர் உடம்பு கற்றுக்கொள்வது. அப்புறம் மாத்திரையைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. அம்மா எதைப் பழக்கம் என்று பயப்படுகிறாரோ அதைப் போலவேதான் அது தெரியும்.

மணி பார்த்து மருந்து கொடுக்கும் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவ சமூகப் பணிக்குப் போனார். மாலை நேரங்களில் லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற இடத்தில் தொண்டு செய்தபோது, வலி வருமுன்பே மருந்து கொடுப்பதைப் பார்த்தார். நோயாளிகளுக்காக வாதாட வேண்டும் என்றால் டாக்டராகத்தான் வேண்டும் என்று மருத்துவம் படித்து 1957-ல் தேறினார். பிறகு செயின்ட் ஜோசப்ஸ் என்ற இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தை, தொடங்கினார். வலிக்காக முறைப்படி கொடுத்தால் நோயாளி போதைக்கு அலைவதில்லை என்று அவர் சொன்னதற்கு அந்தக் குறிப்புகள்தான் ஆதாரம்.

இனி நடைமுறை. எங்கள் பக்கம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 என்று எழுதுவார்கள். பத்து மணிக்கு மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரி யாரும் எழ வேண்டியதில்லை. உங்கள் சீட்டில் அப்படி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக இரட்டிக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. மலமிளக்கி எழுதாத மார்ஃபின் சீட்டைப் பார்த்தால் நான் அந்த வீட்டுத் திண்ணையிலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாக ஓடினால் உடனே கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது. மீதி மாத்திரையைப் பக்கத்து வீட்டு மூட்டுவலிக்குத் தானம் செய்யவும் கூடாது.

ஒரு வயிற்றெரிச்சல். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபினிச் செடி வளர்க்கும் நாடு இது. அதிலிருந்து வரும் மார்ஃபின் நம் ஊர்க் கிழவருக்குக் கிடைக்காமல் 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டம் பூட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் நாலைந்து உரிமங்களுக்கு அலைந்தது. 2014-ல் திருத்தம் வந்து அலைச்சல் குறைந்தது. பயம் குறைய எந்தத் திருத்தம் வருமோ.

வலி எத்தனை என்று அப்பாவையே கேளுங்கள். அவர் சொல்வதுதான் அளவு. ‘அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி’ என்று 1968-லேயே மார்கோ மெக்காஃப்ரி எழுதினார். அவரும் நர்ஸ்தான்.

மாமனாருக்குப் புற்று நுரையீரலில் பரவி மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் அளவு 95, 96 என்றுதான் காட்டுகிறது. இருந்தாலும் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். எடுக்கலாமா?
— வாசகி, சிவகாசி

டாக்டர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், உறவினர்களுக்காக எடுக்க வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவருக்கு அது மருந்து. குறையாதவருக்கு? 2010-ல் 239 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜன், பாதிப் பேருக்கு அதே குழாயில் சாதாரணக் காற்று, யாருக்கு எது என்று தெரியாமல். இரண்டு கூட்டத்துக்கும் மூச்சுத்திணறல் ஒரே மாதிரிதான் குறைந்தது.

அதே ஆண்டு இங்கிலாந்தில் 50 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. சின்னக் கைவிசிறியை ஐந்து நிமிடம் முகத்துக்குக் காட்டினார்கள், ஐந்து நிமிடம் காலுக்குக் காட்டினார்கள். முகத்தில் காற்றுப் பட்டபோது மூச்சுத்திணறல் குறைந்தது. மூக்கு, மேலுதடு, கன்னப் பக்கத்து நரம்புகளில் குளிர்ச்சி பட்டால் மூளைக்கு அந்தத் தவிப்பு தணிகிறது என்று நினைக்கிறார்கள்.

நம் வீட்டுப் பனையோலை விசிறி எதற்கு இருக்கிறது? தலையை உயர்த்தி, தலையணையை மடியில் வைத்து முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறங்கள். மூக்குக்கும் உதட்டுக்கும் காற்றுப் படும்படி நிதானமாக வீசுங்கள். சுற்றி நிற்கும் பத்துப் பேரை வெளியே அனுப்புங்கள். அந்தக் கூட்டமே பாதி மூச்சை இழுத்துக்கொள்ளும். பிற்பாடு ஆக்சிஜன் தேவைப்பட்டால், அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. சிவகாசிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா!

அப்பாவுக்கு நுரையீரல் புற்று என்று அவருக்கே சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பெயர் தெரியாமல் ஃபைல் அட்டையையும் கிழித்துவிட்டோம். வீட்டுக்கு வரும் சிஸ்டரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். தப்பா?
— மகள், கோவில்பட்டி

தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பாடத்தில் இதற்குக் ‘கொல்யூஷன்’ என்று ஒரு முரட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஏதோ திருட்டுக் கூட்டு மாதிரி. அன்பில் செய்வதுதான்.

ஆனால் ஒரு தபால்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவர். வீட்டில் இதேபோல ஃபைலுக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார்கள். மகன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அல்சர்னுதான் சொல்லியிருக்கோம் சிஸ்டர்’ என்றார். உள்ளே போய்ப் புண் கட்டும்போது பெரியவர் கேட்டார், ‘பையன் அல்சர்னு சொல்லச் சொன்னானா?’ நான் பேசாமல் இருந்தேன். ‘முப்பத்தஞ்சு வருஷம் தந்தி கொடுத்தவன் நான். கதவைத் திறக்கிறவங்க முகத்தைப் பார்த்தே உள்ளே என்ன எழுதியிருக்குன்னு சொல்லுவேன். இந்த வீட்டுல ரெண்டு மாசமா எல்லாரும் தந்தி வாங்கின முகமா திரியறாங்க’ என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது இரண்டே விஷயம். வங்கிக் கணக்கில் நாமினி மாற்ற வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத தங்கையை ஒருமுறை பார்க்க வேண்டும். அல்சருக்கு யாராவது நாமினி மாற்றுவார்களா? அதனால் கேட்காமல் இருந்திருக்கிறார்.

சிஸ்டரை எதையும் உடைக்கச் சொல்ல வேண்டாம். ‘உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க?’ என்று அவரைக் கேட்க மட்டும் அனுமதியுங்கள். அதற்கு மேல் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை, விட்டுவிடுவோம். கடைசியில் எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. 2023-ல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ கையொப்பமிட்டால் போதும் என்றது. தன் நோய் இன்னதென்று தெரிந்தவர்தான் அப்படி எழுத முடியும்.

பாட்டி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. விழிப்பும் குறைந்துவிட்டது. ‘நாட்கள்தான்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டினி போட்டுச் சாகவிடுகிறோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. டிரிப்ஸ் போடலாமா? பெரியவர்கள் பால் ஊற்றச் சொல்கிறார்கள்.
— பேத்தி, தென்காசி

சாப்பிடாததால் பாட்டி இறக்கவில்லை அம்மா, இறப்பு நெருங்குவதால் சாப்பிடவில்லை. பசியும் தாகமும் உடம்பை விட்டு முதலில் விடைபெறும்.

டிரிப்ஸையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2013-ல் அமெரிக்காவில் ஹாஸ்பிஸில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் சிலருக்கு தினம் ஒரு லிட்டர், மற்றவர்களுக்குப் பெயருக்கு 100 மில்லி. தளர்ச்சியிலோ குழப்பத்திலோ வாழ்ந்த நாட்களிலோ வித்தியாசம் இல்லை. நரம்பு கிடைக்காத கையில் நாலு இடம் குத்துவதுதான் மிச்சம். சில நேரம் அந்த நீர் நெஞ்சில் சளியாகக் கட்டும்.

வறண்ட வாய்தான் அவருக்கு உண்மையான தொந்தரவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியை விரலில் சுற்றி நாக்கையும் ஈறையும் துடைத்துவிடுங்கள். உதட்டுக்கு வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய். பால் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கும். ஆனால் சடங்கை நான் தடுக்க மாட்டேன். பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டில் ஒவ்வொருவராக ஒற்றுங்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் ஆறும், பாட்டிக்கும் புரை ஏறாது.

வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா? காசு எவ்வளவு?
— வாசகர், கயத்தாறு

அரசுத் திட்டத்தில் காசு இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு பேலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். அந்த நர்ஸுக்குக் கையில் பல கிராமம் இருக்கும், முதல் வாரமே வரவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டாவது வாரமும் வராவிட்டால் தாராளமாகப் போகலாம்.

அத்தை பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் எல்லாம் நான்தான். போன வாரம் அவர் மேல் கத்திவிட்டேன். நான் கெட்டவளா சிஸ்டர்?
— மருமகள், அம்பாசமுத்திரம்

தூக்கம் இல்லாதவள். வேறொன்றும் இல்லை.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஜாரிட் என்பவர் பெயரில் 22 கேள்விகள் உள்ள தாள் ஒன்று இருக்கிறது. ‘உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா?’, ‘உங்கள் உடம்பு கெடுகிறதா?’ என்று போகும். நான் வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். பாதியிலேயே அழுதுவிடுவார்கள், இதையெல்லாம் ஒருவர் கேட்டாரே என்று. 1999-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றில், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு அதில் நொந்துபோயிருந்த முதியவர்கள், அந்தப் பாரமில்லாத மற்றவர்களைவிட நாலு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. அத்தை மாதிரியே நீங்களும் எங்கள் நோயாளிதான்.

கடிதம் நாலு பக்கம். அதில் உங்கள் கணவர் ஒரே ஒரு வரியில், அதுவும் ‘இவர் கடையிலிருந்து வர ஒன்பதாகும்’ என்று வருகிறார். அத்தை பெற்ற பிள்ளைதானே? அம்மாவை எப்படித் திருப்புவது, எப்படி ஊட்டுவது என்று சனிக்கிழமை ராத்திரி அவருக்குக் காட்டிக்கொடுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை கடைக்கு லீவு. டயப்பர் மாற்ற அவருக்குக் கூச்சமாக இருந்தால் நாத்தனாரை வரச்சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து வீட்டில் போய், போனை இங்கேயே வைத்துவிட்டு, படுத்துத் தூங்குங்கள்.

அடுத்த மாதம் எழுதுங்கள். மூன்று மணி நேரமும் தூங்கினீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.